அம்மா கும்பிட்ட ஆரஞ்சு மரம்!

"ஏல... இது வில்வம்லா!" என்றாள் அம்மா.

இடம்: அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டாவுக்கு வெளியே என் வீட்டுக் கொல்லை. நேரம்: 2023 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. பாத்திரங்கள்: நான், புளியங்குடியிலிருந்து முதல் தடவையாக விமானம் ஏறி வந்திருந்த அம்மா, அப்புறம் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கிளம்பியிருந்த ஒரு முள்செடி.

அம்மா குனிந்து, முள்ளில் கை படாமல் லாகவமாக ஓர் இலையைக் கிள்ளினாள். ஒரே காம்பில் மூன்று இலை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டாள்.

"சாமி இல்லாத ஊருன்னுல்லா நெனச்சேன். இங்க தானா மொளச்சிருக்கு பாரு!"

எனக்கு தர்மசங்கடம். அந்த இடத்தில் நான் நட்டது வில்வம் இல்லை. ஆரஞ்சு! பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே ஆரஞ்சு பிடிக்கப் போய் வில்வமாகிவிட்டது. இது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நாங்கள் புளியங்குடிக்காரர்கள். எலுமிச்சம்பழ வியாபாரம் தெரிந்தவர்களிடம் ஊர்ப்பேரைச் சொன்னாலே போதும். அப்பாவுக்கு ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாற்பது எலுமிச்சை மரங்கள். அந்த நாற்பதுதான் என்னை எஞ்சினீயரிங் படிக்க வைத்தது. படித்து முடித்த பையன் என்ன செய்தான்? 2015-ல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார அட்லாண்டாவுக்குப் போய்விட்டான்.

2018-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். 2019-ல் தோட்டத்தை விற்றோம். 'விற்றோம்' என்பதெல்லாம் மரியாதைக்கு. விற்றது நான். இரண்டு வார லீவில் வந்தேன், கையெழுத்துப் போட்டேன், திரும்பிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரம் பதிந்த அன்று ராத்திரி ரசத்தில் எலுமிச்சம்பழம் பிழிய மறந்துபோனாள். அவ்வளவுதான்.

அட்லாண்டா வந்த பிறகு அந்தப் புளிப்பில்லாத ரசம் என்னை என்னவோ செய்துகொண்டே இருந்தது. இந்தியக் கடையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தின் விதைகளைத் தொட்டியில் போட்டேன். ஆறு முளைத்தன. ஆபீஸ் போகும்போது டாட்டா சொல்லாத குறை. நவம்பரில் ஒரு ராத்திரி தொட்டியை உள்ளே எடுத்து வைக்க மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால், அரைக்கீரையை வதக்கிப் போட்ட மாதிரி கிடந்தன ஆறும்! ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல்லின்மேல் வெள்ளையாக உப்புத் தூவியதுபோல் இருக்குமே, அதே உறைபனி.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. என் துக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். தமிழில் சொன்னால், "ஏம்ப்பா, இருக்கிறதிலேயே நோஞ்சானைக் கொண்டுவந்து பனியில நிறுத்தினா எப்படி?" என்று அர்த்தம் வரும்.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. நம் ஆபீஸ்களில் சீனியாரிட்டி லிஸ்ட் இருப்பதுபோல, எலுமிச்சை-ஆரஞ்சுக் குடும்பத்தில் குளிர் தாங்குவதற்கு ஒரு லிஸ்ட் இருக்கிறது. நம்ம ஊர் எலுமிச்சை அதில் கடைசி பெஞ்ச். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி போனாலே கோவிந்தா! கூடவே உட்கார்ந்திருப்பது கடாரங்காய் வகை. அதற்கு மேலே லெமன் எனப்படும் பெரிய எலுமிச்சை, பிறகு சாத்துக்குடி போன்ற ஆரஞ்சுகள், அதற்கும் மேலே கமலா ஆரஞ்சு ஜாதி. அந்தக் கமலா ஜாதியிலேயே சட்சூமா என்று ஓர் ஆசாமி. நன்றாகக் குளிருக்குப் பழகிய, வளர்ந்த சட்சூமா மரம் மைனஸ் 8, 9 வரைக்கும் சமாளிக்கும். ஜப்பான்காரர்களின் யூசு எலுமிச்சை இன்னும் இரண்டு டிகிரி கீழே போகும். வருஷத்தின் மிக நீண்ட ராத்திரி வரும் நாளில், ஜப்பானில் முழுசு முழுசாக யூசு பழங்களை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிப்பார்கள். (நாம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இத்தனை பேருக்கும் மேலே, ஹெட்கிளார்க் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருப்பது மூவிலை ஆரஞ்சு. மைனஸ் 20 என்றாலும் கவலையில்லை. குளிர்காலம் வந்தால் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். உடம்பெல்லாம் விரல் நீள முள். பழம்? எலுமிச்சை அளவில், மஞ்சளாக, பீச் பழம் போல் மேலே மெல்லிய ரோமத்துடன் பார்க்க ஜோராக இருக்கும். கடித்தால் கசப்பு, புளிப்பு, கூடவே உதட்டில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும் பிசின். ஒரு தடவை சாப்பிட்டவர் மறு தடவை கேட்கமாட்டார்.

"அப்ப அதை வச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள். அமெரிக்காக்காரர்களும் கேட்டார்கள்.

1894 டிசம்பர் கடைசியில் ஃப்ளோரிடாவில் ஒரு கடும் பனி. ஆரஞ்சுத் தோட்டங்களில் பழமும் இலையும் போயிற்று. ஜனவரியில் கொஞ்சம் வெயில் அடித்தது. மரங்கள் ஏமாந்துபோய்த் துளிர்விட்டன. சாறு மேலே ஏறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து 1895 பிப்ரவரியில் இரண்டாவது பனி. இந்தத் தடவை மரமே காலி. வருஷத்துக்கு 50 லட்சம் பெட்டிக்கு மேல் பழம் தந்துகொண்டிருந்த மாநிலம், அடுத்த பருவத்தில் 2 லட்சம் பெட்டி கூடத் தேறவில்லை. லட்சாதிபதிகள் ஒரே மாதத்தில் பெட்டி படுக்கையைக் கட்டினார்கள்.

இதைப் பார்த்த வால்டர் ஸ்விங்கிள் என்ற விவசாயத் துறை விஞ்ஞானிக்கு ஒரு யோசனை. ருசியான ஆரஞ்சுக்கும் முரட்டு மூவிலைக்கும் கல்யாணம் செய்துவைத்தால், குழந்தை அம்மா மாதிரி ருசியாகவும் அப்பா மாதிரி பலசாலியாகவும் பிறக்காதா? 1897 வாக்கில் மும்முரமாகக் கலப்பு நடந்தது. குழந்தைகள் பிறந்தன. 'சிட்ரேஞ்ச்' என்று பெயரும் வைத்தார்கள். பலம் அப்பா மாதிரிதான். ருசியும் அப்பா மாதிரியே இருந்துவிட்டது! பழமாக அது ஃபெயில்.

ஆனால் ஓர் ஆச்சரியம். பழத்துக்கு ஆகாத அந்த சிட்ரேஞ்ச் வேருக்கு ஆகிவந்தது. அதன்மேல் நல்ல ஆரஞ்சு மொட்டை ஒட்டுக்கட்டினால் மரம் திடமாக வந்தது. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அடியில் பெரும்பாலும் மண்ணுக்குள் வேலை பார்ப்பது இந்த வம்சம்தான். மேலே பளபளவென்று தொங்கும் பழத்துக்குப் பேரும் புகழும். கீழே உழைப்பவன் பேர் யாருக்குத் தெரியும்? (ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

சட்சூமாவுக்கும் அடியில் மூவிலை வேர்தான் கட்டுவார்கள். அது வெறும் பலத்துக்காக மட்டும் இல்லை. வேர் சீக்கிரம் தூங்கப் போவதால், மேலே இருக்கும் மரமும் குளிருக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. குளிர் தாங்குவதில் முக்கால்வாசி ரகசியம் இந்த நேரத்துக்குத் தூங்குவதில்தான் இருக்கிறது. சில வாரங்கள் படிப்படியாகக் குளிர்ந்தால், அதே மரம் தாங்கும் குளிரே வேறு. திடீரென்று அடித்தால் அதே மரம் சுருண்டுவிடும்.

குளிர் எப்படிக் கொல்கிறது என்பதும் எனக்குப் புதுசாக இருந்தது. இலைக்குள் முதலில் ஐஸ் கட்டுவது செல்லுக்குள்ளே இல்லையாம், செல்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில். அந்த ஐஸ், செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக, பனியில் சாகிற செடி முக்கால்வாசி தண்ணீர் இல்லாமல்தான் சாகிறது. புளியங்குடியில் மழை பொய்த்த வருஷங்களில் அப்பாவின் மரங்கள் நின்ற நிலை ஞாபகம் வந்தது.

2020 வசந்தத்தில் ஒரு சட்சூமா ஒட்டுச்செடி வாங்கினேன். கொரோனா காரணமாக எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த நேரம். வாத்தியார் வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டே டைரக்‌ஷன் கொடுத்தார். தெற்கு பார்த்த செங்கல் சுவரை ஒட்டி நடு, பகல் வெயிலைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி திருப்பிக் கொடுக்கும். பள்ளத்தில் நடாதே, குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் ஓடிவரும். ஆகஸ்டுக்குப் பிறகு உரம் போடாதே, இளந்துளிர் வந்தால் பனிக்கு விருந்து. செம்மண் என்பதால் எனக்கு அந்நியமாகவே இல்லை. நட்டுவிட்டு நிமிர்ந்தபோது கையெல்லாம் ஊர் மண் நிறம்.

2021 நவம்பரில் ஐந்து பழம். 2022 நவம்பரில் இருபத்து மூன்று! தோல் தொளதொளவென்று, உரிக்கும் முன்பே கழன்று வரும். உள்ளே விதையே இல்லை. சட்சூமா அக்டோபர், நவம்பரிலேயே பழுத்துவிடும், பெரும்பனி வருவதற்குள் பறித்துவிடலாம் என்பதும் அதை இங்கே நடுவதற்கு ஒரு காரணம்.

சட்சூமா என்பது ஜப்பானின் தெற்கில் ஒரு பழைய மாகாணத்தின் பெயர். 1878-ல் அங்கிருந்து மரக்கன்றுகளை ஊருக்கு அனுப்பிய அமெரிக்கத் தூதரின் மனைவி வைத்த பெயர் அது. ஜப்பானில் அதன் பெயர் 'உன்ஷூ மிக்கான்'. அங்கே முற்காலத்தில் இதை வளர்க்கத் தயங்கினார்களாம். விதையில்லாத பழத்தைத் தின்றால் வம்சம் விருத்தியாகாது என்று பயம்! வீடியோவில் பழத்தைக் காட்டியபோது அம்மாவும் அதே கட்சி. "வெத இல்லன்னா அடுத்த மரத்துக்கு எங்க போவ?"

"ஒட்டுக்கட்டுவாங்கம்மா."

"என்னத்தயோ..." என்று போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த இருபத்து மூன்றும் தீர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. 2022 டிசம்பர் 22. சாயங்காலம் சாதாரண ஸ்வெட்டர் போதுமாக இருந்தது. மறுநாள் விடிவதற்குள் வடக்கிலிருந்து வந்த காற்றில் தட்பவெப்பம் மளமளவென்று சரிந்தது. 24-ம் தேதிக்குள் மைனஸ் 12-க்கும் கீழே! தண்ணீர்க் குழாய்கள் ஊர் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தன.

நான் தயாராகத்தான் இருந்தேன். மரத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு, மேலே தார்ப்பாய் போர்த்தி, உள்ளே கிறிஸ்துமஸ் சீரியல் செட்டைச் சுற்றிவிட்டேன். சீரியல் பல்பின் சூடு போதும், இரண்டு மூன்று டிகிரி கூட்டிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால், தார்ப்பாய்க்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று திருவிழாக் கோலம். நடுவே மரம் விறைத்துப்போய் நிற்கிறது.

வாத்தியார் கம்பளித் தொப்பியோடு வந்தார். ஒரு பல்பைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்.இ.டி.?"

"ஆமாம்... கரண்ட் மிச்சம்!"

"வெளிச்சத்துக்கு மரம் சூடாகுமா? பழைய குண்டு பல்பு வாங்கணும்ப்பா. அது கரண்டை வீணாக்கி சூடா விடும். நமக்கு வேண்டியது அந்த வீண்தான்."

கரண்ட் மிச்சம்... மரம் கோவிந்தா!

தெற்கு ஜார்ஜியாவில் 2013 வாக்கிலிருந்து சட்சூமாவை வியாபாரத்துக்கு வளர்க்கிறார்கள். அவர்கள் பல்பெல்லாம் கட்டுவதில்லை. தண்ணீர் தெளிக்கிறார்கள்! அடிமரத்தைப் பார்த்து சின்ன ஸ்ப்ரிங்ளர். தண்ணீர் ஐஸாக மாறும்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி சூட்டை வெளியே விடும். பள்ளிக்கூடத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். தண்ணீர் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும் வரை, ஐஸ் மூடிய கட்டை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நடுவில் பம்ப் நின்றால் தொலைந்தது. அதனால் பனி ராத்திரிகளில் தோட்டக்காரர்கள் தூங்குவதில்லை.

அதே ஜார்ஜியாவில் டிஃப்டன் ஊர் பல்கலைக்கழகப் பண்ணையில், குளிர் தாங்கும் விதையில்லாப் புது ரகங்களையும் உண்டாக்கியிருக்கிறார்கள். எலுமிச்சையில் 'கிராண்ட் ஃப்ராஸ்ட்', கமலாவில் 'ஸ்வீட் ஃப்ராஸ்ட்', பம்பளிமாஸின் ஒன்றுவிட்ட தம்பியான கிரேப் ஃப்ரூட்டில் 'பிங்க் ஃப்ராஸ்ட்'. 2023-ல் அமெரிக்க விவசாயத் துறை குளிர் வரைபடத்தையே மாற்றிப் போட்டது. நாட்டில் ஏறக்குறைய பாதி இடம் அரைப்படி வெப்பமான பக்கம் நகர்ந்திருக்கிறது. கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த வரைபடம் முப்பது வருஷ சராசரி. மரம் சராசரியில் சாவதில்லை சார், ஒரு ராத்திரியில் சாகிறது.

மார்ச்சில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். பழுப்பு. இன்னும் கீழே... பழுப்பு. நவம்பர் கடைசியில் வாத்தியார் திட்டித் திட்டி அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரம் மண் குவிக்க வைத்திருந்தார். அதை விலக்கிச் சுரண்டினால், மெல்லிசாக ஒரு பச்சை!

ஏப்ரலில் துளிர் வந்தது. ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் "எங்க வீட்டு மரம் பிழைச்சுட்டுது" என்றேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். துளிர் வாரா வாரம் ஒரு சாண் வளர்ந்தது. இலை விரிந்தது. ஒரு காம்புக்கு மூன்று!

அடியில் இருந்த வேர்க்காரன் எழுந்து வந்துவிட்டான். மேலே ஒட்டியிருந்த சட்சூமாவைக் காணோம்.

இந்த நேரத்தில்தான் அம்மா வந்து இறங்கினாள். ஏர்போர்ட்டிலேயே ஒரு சின்ன சோகம். மஞ்சள் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்த ஆறு எலுமிச்சம்பழங்களை அதிகாரி சிரித்த முகத்தோடு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. பழத்தோடும் கன்றோடும் நோய் வரும் என்ற பயம். 2005-ல் ஃப்ளோரிடாவில் 'கிரீனிங்' நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1997-98-ல் 24 கோடி பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த மாநிலம், 2022-23-ல் ஒன்றரைக் கோடிச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. பனியால் கூட இவ்வளவு நாள் தொடர்ந்து அடிக்க முடிந்ததில்லை. (மூவிலை ரத்தம் கலந்த செடிகள் இந்த நோயையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன என்பது விஞ்ஞானிகளின் இப்போதைய நம்பிக்கை.) அம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "ராசி பாக்காம எடுத்துக்கிட்டான்" என்றாள்.

ஆக, அந்தத் திங்கட்கிழமைக்கு வந்துவிட்டோம். "இது வில்வம் இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து புத்தகத்தைப் புரட்டினால், திகைத்துவிட்டேன். வில்வமும் இந்த மூவிலை ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம்! வில்வத்தின் தாவரவியல் பெயர் 'ஈகிள் மார்மெலோஸ்'. 1824-ல் ஜெனீவாக்காரரான டி கண்டோல் என்ற பெரிய தாவரவியல் மேதை இந்த மூவிலை ஆரஞ்சுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமோ? 'ஈகிள் செபியாரியா'. வில்வத்தின் இனத்திலேயே சேர்த்துவிட்டார்! பிற்பாடு வந்தவர்கள், அது தப்பு, இது ஆரஞ்சுக்குத்தான் நெருங்கின உறவு என்று மாற்றினார்கள்.

அம்மாவிடம் ஓடினேன். "நீ சொன்னதைத்தாம்மா இருநூறு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளைக்காரரும் சொல்லியிருக்காரு!"

"அப்படியா?" என்றாள். "அவரு சைவமோ?"

ஜூன் நடுவில், ஒட்டுக்கு ஓர் அங்குலம் மேலே, மண் மூடியிருந்த கட்டையிலிருந்து இன்னொரு துளிர் எட்டிப் பார்த்தது. காம்புக்கு ஓர் இலை. சட்சூமா! நான் போட்ட சத்தத்தில் வாத்தியாரே வேலிக்கு வந்துவிட்டார். பார்த்தவர், கத்தரிக்கோலை நீட்டினார்.

"மூவிலையை உடனே வெட்டு. விட்டா வேரோட சத்தையெல்லாம் அதுவே குடிச்சிரும். இந்தக் குழந்தை பட்டினி கிடந்தே செத்துரும்."

அவர் சொன்னது தோட்டக்கலைப்படி நூற்றுக்கு நூறு சரி. கத்தரியோடு குனிந்தேன்.

"என்னல செய்யுத?"

பின்னால் அம்மா. கையில் அன்றைய பூஜைக்குக் கிள்ள வந்த கிண்ணம். விவரம் சொன்னேன். வேர், ஒட்டு, சத்து எல்லாம். அம்மாவும் நாற்பது மரத்தோடு வாழ்ந்தவள், புரியாமல் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"அங்கன நாப்பதையும் வித்தாச்சு. இங்கன இருக்கது ஒண்ணு. அதையும் வெட்டணுமா?"

நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. கோபமே இல்லாமல், என்னமோ கறிவேப்பிலை விலை கேட்கிற குரலில் சொன்னாள். எனக்குக் கத்தரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெல்ல வீட்டுக்குள் போய்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. என் மனைவிதான், "அத்தே, வெட்டாம வேற எடத்துல நட முடியாதா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குப் பொறி தட்டிவிட்டது. "பதியம் போட்டா என்ன? மல்லியலுக்குப் போடுதமே!"

காலையில் காபிகூடக் குடிக்காமல் ஆரம்பித்தாள். நீளமான மூவிலைத் தண்டு ஒன்றைத் தரை வரைக்கும் மெல்ல வளைத்தாள். நடுவில் ஓரிடத்தில் பட்டையை லேசாகச் சீவினாள். அந்த இடத்தை மண்ணில் அழுத்திப் புதைத்து, மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தாள். நுனியை மட்டும் வெளியே விட்டாள். மற்ற மூவிலைக் கிளைகளை அவளே பார்த்துக் கிள்ளிப் போட்டாள். பதியத்தின் நுனியையும் அவ்வப்போது கிள்ளி, அளவோடு வைத்தாள். ஒற்றை இலைக்காரன் மூச்சுவிட ஆரம்பித்தான். வாத்தியார் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் செங்கல்லை எத்தனை விரற்கடை நகர்த்துவது என்று இருவரும் அரை மணி நேரம் விவாதித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபரில் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். போகும் முன் செங்கல்லைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாக நாலு வேர்.

2024 மார்ச்சில் தாய்ச்செடியிலிருந்து பதியத்தை வெட்டிப் பிரித்து, வாத்தியார் வீட்டுப் பக்கம் வேலியோரம் நட்டேன். டி கண்டோல் வைத்த 'செபியாரியா' என்ற சொல்லுக்கு, வேலிக்கு ஆகிற செடி என்று பொருள். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பக்கம் இதை ஒருகாலத்தில் ஆடுமாடு புகாத முள்வேலியாகவே வளர்த்திருக்கிறார்கள். சட்சூமாவுக்கு அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் குண்டு பல்புதான். பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தேன். நவம்பர் கடைசியில் மண் குவிப்பதை இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பரில் ஆறு பழம். ஒரு திங்கட்கிழமை, எனக்குக் காலை, அம்மாவுக்குச் சாயங்காலம். வீடியோவில் காட்டினேன். ஆறையும் எண்ணினாள். "ஒண்ண வாத்தியாருக்குக் குடு" என்றாள். அப்புறம், "வேலிப் பக்கம் காட்டு."

காட்டினேன். மூவிலை இலையெல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்திருந்தது.

"உதிர முன்ன கொஞ்சம் கிள்ளிக் காயப்போட்டு வையி. இனிமே மார்ச்சு வரைக்கும் கெடையாதுல்லா. வில்வம் காஞ்சாலும் தோசமில்ல."

கையுறையை மாட்டிக்கொண்டு போனேன். அப்படியும் இரண்டு இடத்தில் முள் கீறிவிட்டது.